டி.வி. பணம் கொட்டுகிறதாமே, மகளுக்கு முழு ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் வசிக்கிறோம். மகள் பதினொன்றாம் வகுப்பு, டென்னிஸ் நன்றாக ஆடுவாள். மேற்குக் கரையில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் கோச் சில மாதங்களாக அவளோடு பேசி வருகிறார். அந்தப் பல்கலைக்கழகம் 2024-ல், தங்களுக்குள் போட்டி ஆடும் பல்கலைக்கழகங்களின் கூட்டணியான பிக் டென் கான்ஃபரன்ஸுக்கு மாறியது. இங்கே ஒரு ரெக்ரூட்டிங் கன்சல்டன்ட், "பிக் டென்னில் டி.வி. பணம் கொட்டுகிறது, முழு ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறேன், விளம்பர வருமானமும் வரும்" என்கிறார். கட்டணம் 4,800 டாலர், ஸ்காலர்ஷிப் கிடைத்தால் அதில் 8 சதவீதம் தனி. நாங்கள் எச்-1பி வேலை விசா, மகள் அதைச் சார்ந்த எச்-4 விசா. இங்கே பக்கத்தில் இருக்கும் ரட்கர்ஸ் பல்கலைக்கழகமும் பிக் டென்தான் என்பதால் வருடத்துக்கு ஒருமுறையாவது வீட்டுக்குப் பக்கத்தில் ஆட வருவாள் என்று மனைவிக்கு ஆசை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள் சார். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அந்த 8 சதவீதத்தைப் பார்ப்போம்.

கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிப்படி, இப்படிப்பட்ட ஆலோசகர் ஒரு நிலையான தொகை வாங்கிக்கொள்ளலாம். ஆட்டத்தை வீடியோ எடுத்து வெட்டித் தருவது, எந்தக் கோச்சுக்கு எழுதலாம் என்று சொல்வது, இதற்கெல்லாம் தடை இல்லை. ஆனால் சீட் கிடைத்தால் இவ்வளவு, ஸ்காலர்ஷிப் கிடைத்தால் அதில் இவ்வளவு என்று கட்டணத்தை அதோடு முடிச்சுப் போட்டுவிட்டால், அவர் ஏஜென்ட் கணக்கில் வந்துவிடுவார். அதனால் சிக்கலுக்கு உள்ளாவது உங்கள் மகளின் ஆடும் தகுதி. அவர் 4,800 டாலரைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போய்விடுவார்.

நான் ஒரு பல்கலைக்கழக விளையாட்டுத் துறையில், இந்த விதிமுறைகளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் பல வருடம் இருந்தவன். ஒருநாள் எங்கள் டென்னிஸ் கோச் தன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். ஒரே ஆலோசகரிடமிருந்து ஒரே வாரத்தில் ஒன்பது மின்னஞ்சல். ஒன்பது பிள்ளைகளுக்கும் பிறவியிலேயே தலைமைப் பண்பு, ஒன்பது பேருக்கும் எங்கள் பல்கலைக்கழகம்தான் சிறுவயதுக் கனவு. ஏழாவது கடிதத்தில் பெயரை மாற்ற மறந்துவிட்டார்கள். முந்தைய கடிதத்துப் பெண்ணின் பெயர் அப்படியே கிடந்தது. கோச் ஒன்பதையும் தேர்வு செய்து மொத்தமாக அழித்தார். அதில் இரண்டு மூன்று பிள்ளைகள் நிஜமாகவே நன்றாக ஆடுகிறவர்களாக இருந்திருக்கலாம்.

உங்கள் விஷயத்தில் கோச்சே நேரடியாகப் பேசிக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் தாங்களாகவே வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது தரகர் எதற்கு?

"வாங்கித் தருகிறேன்" என்ற சொல் காதில் விழுந்தாலே எழுந்து வந்துவிடுங்கள் என்றுதான் எல்லாப் பெற்றோரிடமும் சொல்வேன். 2019-ல் வெடித்த வழக்கு நினைவிருக்கும். ரிக் சிங்கர் என்ற ஆலோசகர், விளையாடவே விளையாடாத பிள்ளைகளை ஆட்டக்காரர்களாகக் காட்டி, கோச்சுகளுக்குப் பணம் கொடுத்து, பெரிய பல்கலைக்கழகங்களில் சீட் வாங்கித் தந்தார். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் முன்னாள் டென்னிஸ் கோச் சிறைக்குப் போனார். சிங்கருக்கு 2023 ஜனவரியில் மூன்றரை வருடம் தண்டனை கிடைத்தது. பணம் கொடுத்த பெற்றோர்களும் உள்ளே போனார்கள். உங்கள் கன்சல்டன்ட் அந்த ரகம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் விற்கும் பொருள் அவர் கையில் இல்லை.

இனி டி.வி. பணத்துக்கு வருவோம். பணம் இருப்பது உண்மை. 2022-ல் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. மூன்றோடும் பிக் டென் போட்ட ஒப்பந்தம் 7 வருடத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல். அது எதற்கு வரும் பணம் என்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். சனிக்கிழமைதோறும் நடக்கும் அமெரிக்க ஃபுட்பாலுக்கு, அப்புறம் கொஞ்சம் பாஸ்கெட்பாலுக்கு. டென்னிஸுக்காக எந்தச் சேனலும் காசோலை எழுதுவதில்லை.

உங்கள் பக்கத்து ரட்கர்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை 2014-ல் பிக் டென் சேர்த்துக்கொண்டது ஃபுட்பாலில் பெரிய புலி என்பதாலா? நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கிலும் இருக்கும் கேபிள் இணைப்புகளுக்காக. ஊரில் கேபிள்காரருக்கு மாதா மாதம் கொடுத்தபோது, நாம் திறந்தே பார்க்காத சேனல்களுக்கும் சேர்த்துத்தானே கொடுத்தோம்? அதே கதைதான். ரட்கர்ஸ் உள்ளே வந்ததும், பிக் டென்னின் சொந்தச் சேனலுக்கு அந்த வட்டாரத்து வீடுகளிடமிருந்து மாதா மாதம் காசு வர வழி பிறந்தது. ஆட்டத்தை யார் பார்த்தார்கள் என்ற கேள்வியே இல்லை.

அந்தக் காலம் மலையேறிக்கொண்டிருக்கிறது. 2011 வாக்கில் இ.எஸ்.பி.என். விளையாட்டுச் சேனல் சுமார் 10 கோடி வீடுகளில் இருந்தது, இப்போது 7 கோடிக்கும் கீழே வந்துவிட்டது. ஜனங்கள் கேபிளை வெட்டிவிட்டார்கள். 2025 ஆகஸ்டிலிருந்து அந்த நிறுவனமே மாதம் 29.99 டாலருக்கு இணையத்தில் நேரடியாக விற்கிறது. பார்க்காத வீட்டுக்காரரிடம் காசு வாங்க முடியாமல் போனபின், நிஜமாகவே கோடிக்கணக்கானோர் உட்கார்ந்து பார்க்கும் ஆட்டம் யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்கு மட்டும் விலை ஏறியது. பெரிய பெயர்கள் எல்லாம் பிக் டென், தென் மாநிலங்களின் கூட்டணியான எஸ்.இ.சி. என்ற இரண்டு வீடுகளுக்குக் குடிபெயர்ந்ததற்கு இதுதான் அடிப்படை. 1915-ல் தொடங்கிய மேற்குக் கரைக் கூட்டணியான பேக்-12, ஆப்பிள் நிறுவனம் முன்வைத்த சந்தா அடிப்படையிலான பேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறிய நேரத்தில், 2023 ஆகஸ்ட் 4 ஒரே நாளில் ஐந்து பல்கலைக்கழகங்கள் வெளியேறின. கடைசியில் மிஞ்சியவை ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டுதான். இப்போது புதிய ஆட்களைச் சேர்த்து ஒட்டுப் போடுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிக் டென் பந்தியில் எல்லோருக்கும் ஒரே இலை போடவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகங்களான யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ. இரண்டும் டி.வி. பணத்தில் முழுப் பங்கோடு உள்ளே வந்தன. ஆரிகன், வாஷிங்டன் பல்கலைக்கழகங்கள் (மேலே சொன்ன 'ஸ்டேட்' இரண்டும் வேறு) ஏறக்குறைய பாதிப் பங்குக்குத் தலையாட்டிவிட்டுத்தான் சேர்ந்தன. வேறொரு கூட்டணியான ஏ.சி.சி.யில் சேர்வதற்காக, டாலஸில் இருக்கும் எஸ்.எம்.யூ. ஒன்பது வருடம் டி.வி. பங்கே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது. உங்கள் கன்சல்டன்டிடம் அந்தக் கோச்சின் பல்கலைக்கழகம் எந்த இலையில் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, வந்த பணம் எங்கே போகிறது? 2025 ஜூன் மாதம் ஒரு பெரிய வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. அதன்படி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதல் வருடமான 2025-26-ல் 2.05 கோடி டாலர் வரை ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம் என்று ஆனது. பெரும்பகுதி ஃபுட்பால் பையன்களுக்கு. அதே சமரசத்தில் ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பை எடுத்துவிட்டு, அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பைக் கொண்டுவந்தார்கள். பெண்கள் டென்னிஸில் முன்பு 8 முழு ஸ்காலர்ஷிப், இப்போது அணிக்கு 10 பேர். "முழு ஸ்காலர்ஷிப்" என்று உங்கள் கன்சல்டன்ட் சொல்வது இதை வைத்துத்தான். பத்துப் பேருக்கும் கொடுக்கலாம் என்பது மட்டும்தான் விதி, கொடுத்தே ஆக வேண்டும் என்று எங்கும் இல்லை. பழைய வரம்புக்கு மேல் புதிதாகக் கொடுக்கும் ஸ்காலர்ஷிப்பில் 25 லட்சம் டாலர் வரை அந்த நேரடிப் பணத்துக்கான வரம்பிலேயே கழித்துக்கொள்வார்கள் என்பதால், டென்னிஸுக்கு ஒரு இடம் கூட்டினால் ஃபுட்பாலுக்கு அவ்வளவு குறையும். எந்த விளையாட்டுத் துறை இயக்குநர் எந்தப் பக்கம் சாய்வார் என்று நான் சொல்லத் தேவையில்லை. போதாததற்கு, பல டென்னிஸ் அணிகளில் பாதிக்கு மேல் வெளிநாட்டுப் பெண்கள், வேறு கல்லூரியிலிருந்து மாறி வருகிறவர்கள் வேறு. 17 வயதுப் பிள்ளை அவர்களோடு மோதித்தான் இடம் பிடிக்க வேண்டும்.

பணம் இப்படிப் போக, உங்கள் மகளுக்கு உறுதியாகக் கிடைக்கப்போவது பயணம். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூ ஜெர்சி 2,400 மைல், மூன்று மணி நேர வித்தியாசம். வியாழக்கிழமை விமானம், வெள்ளி ஓர் ஊர், ஞாயிறு இன்னோர் ஊர், திங்கள் காலை எட்டு மணிக்கு கெமிஸ்ட்ரி லேப். ஃபுட்பால் பையன்கள் வாரம் ஒரு ஆட்டம், வருடத்துக்குப் பன்னிரண்டு. டென்னிஸ், வாலிபால் பிள்ளைகள்தான் இந்தப் பாட்டைப் படுகிறார்கள். ஃபுட்பாலை மட்டும் தனியாகப் பிரித்து எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோங்களேன், மற்ற பிள்ளைகளைப் பக்கத்து மாநிலத்தோடு ஆட விடுங்களேன் என்று எத்தனையோ கூட்டங்களில் கேட்டுப் பார்த்துவிட்டேன். முடியாதாம். நோட்ர டேம் பல்கலைக்கழகம் ஃபுட்பாலில் எந்தக் கூட்டணியிலும் சேராமல் தனியாக நிற்கிறது, மற்ற பெரும்பாலான விளையாட்டுகளில் 2013 முதல் ஏ.சி.சி.யில் ஆடுகிறது, ஐஸ் ஹாக்கியில் பிக் டென்னில் ஆடுகிறது. அவர்களால் முடிகிறது. மற்றவர்கள் ஆசைக்காகக் கூட்டணியை மட்டும்தான் மாற்றுகிறார்கள், மூளையை மாற்றுவதில்லை.

விளம்பர வருமானம் என்றாரே, அங்கே கொஞ்சம் நிதானமாக நிற்போம். நம்மவர் வீடுகளில் மிக அதிகமாகக் குழப்பிக்கொள்ளும் இடம் இது. 2021 ஜூலையிலிருந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். என்.ஐ.எல். என்பார்கள். இது என்.சி.ஏ.ஏ. கொடுத்த அனுமதி. குடியேற்றச் சட்டம் கொடுத்த அனுமதி இல்லை. எச்-4 பிள்ளை ஸ்காலர்ஷிப் வாங்கலாம், அது வேலை இல்லை. ஆனால் ஒரு கடைக்காக டென்னிஸ் மட்டையோடு நின்று படம் எடுத்துக்கொண்டு 500 டாலர் வாங்கினால் அது வேலை. எச்-4-ல் வேலை செய்யக் கூடாது. 21 வயதில் எச்-4 முடிந்து மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாறினாலும் இந்தச் சிக்கல் தீராது, அதிலும் வேலைக்குக் கடும் கட்டுப்பாடு. கென்டக்கி பல்கலைக்கழகத்தில் மாணவர் விசாவில் பாஸ்கெட்பால் ஆடிய காங்கோ நாட்டு ஆஸ்கர் ஷீப்வே, 2022-ல் அணி பஹாமாஸ் போனபோது அங்கே வைத்துத்தான் விளம்பர வேலைகளை முடித்தார், அமெரிக்க மண்ணில் செய்யவில்லை. அவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒரு விலக்கு உண்டு. உங்கள் கிரீன் கார்டு வரிசை நகர்ந்து, குடும்பத்தோடு கிரீன் கார்டுக்கான ஐ-485 விண்ணப்பம் போட்டு, மகள் பெயரில் வேலை அனுமதி அட்டை வந்து கையில் இருந்தால் கதை வேறு, அப்போது அவள் சம்பாதிக்கலாம். விண்ணப்பம் போட்டால் போதாது, வக்கீல் "வந்துவிடும்" என்று சொன்னால் போதாது, உங்கள் மனைவிக்கு எச்-4 வேலை அனுமதி இருந்தாலும் அதுவும் உதவாது, அது கணவன் மனைவிக்கு மட்டும், பிள்ளைகளுக்குக் கிடையாது. மகள் பெயர் அச்சான அட்டை, தேதி முடியாத அட்டை. அது இல்லாமல் 500 டாலருக்கு ஆசைப்பட்டால், இத்தனை வருடம் நீங்கள் நின்ற வரிசைக்கே ஆபத்து. இதைக் கோச்சிடம் கேட்காதீர்கள், அவருக்குத் தெரியாது. குடியேற்ற வக்கீலிடம் கேளுங்கள்.

கோச்சிடம் கேட்க வேண்டியவை வேறு. பேச்சில் சொன்ன வாக்கு இரு பக்கத்தையும் கட்டாது, அவர் நல்லவராகவே இருந்தாலும். மகள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகும் ஆகஸ்ட் 1-லிருந்து எழுத்தில் கொடுக்கலாம், நவம்பரில் கையெழுத்து. சேர்வதாக மாணவர்கள் முன்பு கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தேசிய ஒப்புதல் கடிதத்தை 2024 அக்டோபரில் ஒழித்துவிட்டார்கள், இப்போது பல்கலைக்கழகம் தரும் நிதியுதவி ஒப்பந்தம்தான் எல்லாம். அதில் எத்தனை வருடம் என்று போட்டிருக்கிறது? ஒரு வருடமா, நான்கு வருடமா? காயம் பட்டால் என்ன? அப்புறம், போன வருடத்துப் போட்டி அட்டவணையை அனுப்பச் சொல்லுங்கள், எத்தனை வகுப்பு தவறியது என்று அணியில் இருக்கும் ஒரு பெண்ணிடம் மகளே பேசிக் கேட்கட்டும்.

இன்னும் ஒன்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள்: "டென்னிஸ் அணியை நிறுத்தும் பேச்சு இருக்கிறதா?" 2025-ல் கலிஃபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகம் நீச்சல் அணியை அப்படியே நிறுத்தியது. ரட்கர்ஸ் 2006-ல் ஆறு அணிகளை நிறுத்துவதாக அறிவித்தபோது ஆண்கள் டென்னிஸும் அதில் போனது. பெண்கள் டென்னிஸ் இன்னும் இருக்கிறது.

அதனால் உங்கள் மனைவியின் ஆசைக்கு இடமுண்டு, ஆனால் வருடத்துக்கு ஒருமுறை என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். பெயர்தான் பிக் டென், உள்ளே 18 பல்கலைக்கழகங்கள். எல்லோரோடும் ஒவ்வொரு வருடமும் ஆடுவதில்லை, வந்தாலும் அடுத்த முறை அங்கே, அதற்கடுத்த முறை இங்கே என்று சுற்றும். நான்கு வருடத்தில் ஒன்றிரண்டு தடவை வரலாம். வரும் தடவையும் அணியோடு ஹோட்டலில்தான் தங்குவாள். ஆட்டம் முடிந்து பஸ் ஏறுவதற்குள் ஒரு டப்பா தயிர் சாதம் கொடுக்க நேரம் கிடைக்கும்.