கடல் தாண்டி ஆடுபவர்கள் – கடிதம்

அன்புள்ள சார்,

என் மகன் அமெரிக்காவில், வட கரோலினா பல்கலைக்கழகத்தின் கிரீன்ஸ்பரோ வளாகத்தில் படிக்கிறான். அங்கே முன்பு படித்த கைல் ஹைன்ஸ் என்ற கூடைப்பந்து வீரரைப் பற்றி ஃபோனில் வாய் ஓயாமல் பேசுகிறான். நானும் தேடிப் பார்த்தேன். கல்லூரியில் அவ்வளவு பெயர் வாங்கியவர் அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீகான என்பிஏவில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. இத்தாலி, ஜெர்மனி என்று எங்கெங்கோ போய்க் காலத்தை ஓட்டியிருக்கிறார். பரிதாபமாக இருந்தது. நீங்கள் ஜெர்மனியில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். இப்படிப் போகிறவர்களுக்கு என்ன சம்பளம் கிடைக்கும்? இதைத் தோல்வி என்றுதானே சொல்ல வேண்டும்? நம் சத்னாம் சிங்காவது, என்பிஏ அணிகள் ஆண்டுதோறும் புது ஆட்களை எடுக்கும் டிராஃப்டில் தேர்வானாரே.

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகன் சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறான். உங்களைத்தான் கொஞ்சம் கோபித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் சத்னாம் சிங். 2015இல் டல்லாஸ் அணி அவரை 52ஆவது ஆளாக எடுத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவர் டிராஃப்டில் வந்தது அதுவே முதல்முறை, சந்தோஷம்தான். ஆனால் அவரும் என்பிஏவில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அவருக்குப் பெருமை, ஹைன்ஸுக்குப் பரிதாபமா? என்ன கணக்கு இது? சரி, விடுங்கள்.

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் எனக்கு வேறொரு ஆளின் ஞாபகம் ஓடிக்கொண்டிருந்தது. ஜெர்மனியில் நாங்கள் இருந்த வீட்டின் மாடியில் ஒரு அமெரிக்கப் பையன் குடியிருந்தான். ஊர் கிளப்புக்காகக் கீழ் டிவிஷனில் ஆட வந்தவன். அவன் பெயரும் வேண்டாம், கிளப்பின் பெயரும் வேண்டாம். வீடு கிளப் கொடுத்தது. கட்டில் சாதாரண அளவுதான், அவனுடைய கணுக்காலோடு முடிந்துவிடும். கால்மாட்டில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதன்மேல் தலையணை வைத்து, பாதத்தை அதில் நீட்டித் தூங்குவான். காரும் கிளப்புடையதுதான். கதவு முழுக்க உள்ளூர் பேக்கரி விளம்பரம். அதற்குள் முதுகை மடக்கி உட்கார்ந்து காலையில் பயிற்சிக்குப் போவான், மத்தியானம் வருவான், சாயங்காலம் மறுபடி போவான். நள்ளிரவில் அம்மாவுடன் ஸ்கைப். சாப்பிட்டாயா என்றுதான் அந்த அம்மாவும் கேட்டிருக்க வேண்டும், "யெஸ் மாம், யெஸ் மாம்" என்பது மட்டும் கீழே எங்களுக்குக் கேட்கும்.

சம்பளம் தள்ளித் தள்ளி வர ஆரம்பித்தது. என் மனைவி எலுமிச்சை சாதம் கட்டி மேலே அனுப்புவாள். ஜனவரியில் அணி தொடர்ந்து தோற்றது. இப்படித் தோற்றால் கிளப் முதலில் கைவைப்பது வெளிநாட்டு வீரர் மேல்தான். வேறொரு அமெரிக்கரை வரவழைத்துவிட்டு இவனிடம் சாவியைக் கேட்டார்கள். போகும்போது ஒரு தோசைக்கல் சைஸ் வாணலியையும் பாதி அரிசிப் பையையும் எங்களிடம் கொடுத்தான். அடுத்து எங்கே என்று கேட்டேன். "சைப்ரஸாக இருக்கலாம், ஏஜெண்ட் பேசிக்கொண்டிருக்கிறார்" என்றான். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. மூட்டுக்கு ஐஸ் வைக்க விமானத்தில் வசதி இருக்குமா என்பதுதான் அப்போது அவனுக்கிருந்த கவலை.

ஹைன்ஸும் இந்த வாசல் வழியாக நுழைந்தவர்தான். 2008 டிராஃப்டில் 60 பெயர்கள் வாசிக்கப்பட்டன, அவர் பெயர் அதில் இல்லை. காரணம் உயரம். ஆறடி ஆறு அங்குலம் என்றால் நமக்கு அண்ணாந்து பார்க்க வேண்டிய ஆள். கூடைக்கடியில் ஆடும் செண்டருக்கு அது குள்ளம். ரோமுக்குத் தென்கிழக்கே வெரோலி என்ற மலையூருக்குப் போய் இத்தாலியின் இரண்டாம் டிவிஷனில் ஆடினார். 2010இல் ஜெர்மனியில் பாம்பெர்க். அந்த சீசனில் அந்த அணி லீகையும் கோப்பையையும் சேர்த்து ஜெயித்தது. சின்ன ஊர், கூடைப்பந்து என்றால் உயிரை விடும் ஊர். அங்கே அவர் ஆடியதை அரங்கில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பந்து வளையத்தில் பட்டதும் எல்லோரும் மேலே பார்ப்பார்கள். இவர் எதிராளியின் தொடையைத் தேடுவார். இடுப்பை அதில் கொடுத்துக் கீழே அழுத்திவிட்டு, அப்புறம்தான் பந்து. தன்னைவிட ஒரு தலை உயரமானவன் குதிக்க முடியாமல் நிற்பான். மறுநிமிடம் எதிரணியில் பந்தைத் தட்டிக்கொண்டு வரும் சின்ன ஆள் பாய்ந்தால் அவனையும் இவரே மறித்துக்கொண்டு பக்கவாட்டில் ஓடுவார்.

பிறகு கிரேக்கத்தின் ஒலிம்பியாகோஸ். 2012, 2013 இரண்டு ஆண்டும் ஐரோப்பிய கிளப்புகளின் முதன்மைப் போட்டியான யூரோலீக் பட்டம். இரண்டு ஆண்டும் அந்த அணியிடம் அடிவாங்கிய மாஸ்கோவின் சிஎஸ்கேஏ, 2013இல் இவரையே அழைத்துக்கொண்டது. அங்கே ஏழு சீசன், 2016லும் 2019லும் மறுபடி பட்டம். கடைசியில் மிலானில் நான்கு சீசன். யூரோலீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது மூன்று முறை, மூன்றாவது 35 வயதில். 2024இல் ஓய்வு பெற்றார்.

காலத்தை ஓட்டினார் என்கிறீர்கள்.

மெடிக்கல் சீட் கிடைக்காத பையன் என்று ஐம்பது வயது மனிதரைக் கல்யாண வீட்டில் அறிமுகப்படுத்துவார்களே, அந்த வேலையைத்தான் நீங்கள் செய்கிறீர்கள். அந்த மனிதர் அதற்கப்புறம் என்ன செய்தார் என்று யாரும் கேட்பதில்லை. பதினெட்டு வயதில் மூடிய ஒரு கதவுதான் அவருடைய ஜாதகம். நம் ஆட்களிடம் எனக்குப் பிடிக்காத குணமே இதுதான். பையன் எந்தக் கம்பெனி, எந்த நாடு என்பதோடு நம் அக்கறை முடிந்துவிடுகிறது. அவன் அங்கே செய்யும் வேலை என்ன, அதில் கெட்டிக்காரனா, யாருக்கும் தெரியாது. என்பிஏ என்ற மூன்றெழுத்து இல்லாததால் பதினாறு வருட வேலை உங்கள் கண்ணில் படவில்லை. ஹைன்ஸ் வேண்டாம், டயானா டொராசியை எடுங்கள். 2015க்குள் மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், அமெரிக்கப் பெண்கள் லீகிலேயே முதல் வரிசை ஆட்டக்காரி. 2015இல் அந்த லீகின் முழு சீசனையும் ஆடாமல் விட்டார். நீ ஓய்வெடு, பணம் நாங்கள் தருகிறோம் என்றது ரஷ்யாவின் எகாடெரின்பர்க் அணி. அதையும் தோல்விக் கணக்கில் எழுதுவீர்களா? வெளிநாட்டுக்குப் போவது தோற்றவர்கள் என்று யார் சொன்னது உங்களுக்கு?

உங்கள் மகனிடமும் இதே குரலில்தான் பேசுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. அவன் ஒருவரை ரசிக்கிறான். அந்த ஃபோனை எடுத்துக் காது கொடுத்துக் கேளுங்கள், எஸ். எத்தனை பிள்ளைகள் அப்பாவிடம் இவ்வளவு பேசுகிறார்கள்?

சம்பளம் கேட்டிருந்தீர்கள். ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். பெரும்பாலும் வரி போகக் கையில் வரும் தொகையைத்தான் ஒப்பந்தத்தில் எழுதுவார்கள். வரி, வீடு, கார், விமான டிக்கெட் கிளப்பின் செலவு. கொடுக்காமல் இழுத்தடித்தால் முறையிட ஜெனீவாவில் ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது, சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 2007இல் ஏற்படுத்தியது. ஒப்பந்தத்தில் அதற்கென்று ஒரு வரி இருக்க வேண்டும். மாடிப் பையனின் ஒப்பந்தத்தில் அந்த வரி இருந்ததா என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

அடுத்தமுறை மகன் ஊருக்கு வரும்போது 2012 யூரோலீக் இறுதி ஆட்டத்தைச் சேர்ந்து பாருங்கள். இஸ்தான்புல், சிஎஸ்கேஏவுக்கு எதிராக. மூன்றாம் குவார்ட்டரில் ஒலிம்பியாகோஸ் 19 புள்ளி பின்தங்கும்போது எழுந்து போய்விடாதீர்கள். ஆட்டம் 62-61இல் முடிகிறது, ஜெயித்தது யார் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.