அந்த விசில் எதற்கு?

அன்புள்ள ஐயா,

மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். எட்டாவது படிக்கும் என் மகளை இந்த வருடம் பள்ளி பேஸ்கட்பால் டீமில் சேர்த்திருக்கிறார்கள். போன வாரம் ராமநாதபுரத்தில் மேட்ச். அவள் யாரையும் இடிக்கவில்லை. ஆனாலும் நான்கு தடவை விசில் ஊதிப் பந்தை எதிரணிக்குக் கொடுத்துவிட்டார்கள். கேட்டால் 'டிராவலிங்', 'டபுள் டிரிபிள்' என்கிறாள். வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. அழுதுகொண்டே பஸ் ஏறினாள். கொஞ்சம் விளக்குவீர்களா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பிள்ளையிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்: அவள் செய்தது ஃபௌல் இல்லை. இடிப்பது, பிடிப்பது, தள்ளுவதுதான் ஃபௌல். அது ஐந்து ஆனால் வெளியே உட்கார வேண்டும். இவளுடையது வயலேஷன், அதாவது யாரையும் இடிக்காமல் நடக்கும் விதிமீறல். பந்து கைமாறும், அவ்வளவுதான். அவள் பெயரில் எதுவும் ஏறாது. புதிதாக ஆட வரும் பிள்ளைகள் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இது.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது 13 விதிகள் எழுதினார். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது என்பது அதில் ஒன்று. ஓடினால் மடக்கி விழுத்துவார்கள். கூடத்துக்குள் கெட்டித் தரையில் விழுந்தால் அடி பலமாகப் படும். பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்றார். தரையில் தட்டிக்கொண்டே நகரும் டிரிபிள் பிறகு வந்த சலுகை. உங்கள் மகளுக்கு ஊதிய விசில் எல்லாம் அந்த ஒரு விதியிலிருந்து வந்தவைதான்.

நங்கூரம் போட்டு நிற்கும் வள்ளத்தைத் தினமும் பார்ப்பீர்கள். கச்சான் அடித்தால் ஒரு பக்கம், வாடை அடித்தால் மறு பக்கம் திரும்பும். நங்கூரம் கிடக்கிற இடம் மாறாது. பந்தைப் பிடித்து நிற்கிறவளின் ஒரு கால் அந்த நங்கூரம். அதுதான் பிவட் கால். இரண்டு காலும் தரையில் இருக்கும்போது பந்து வந்தால், எந்தக் காலை முதலில் எடுக்கிறாளோ அதற்கு மற்றக் கால் பிவட். எடுத்த காலை எத்தனை தடவை வேண்டுமானாலும் சுற்றி வைக்கலாம். டிரிபிள் தொடங்குகிறாள் என்றால், பந்து கையை விட்டுப் போகும் முன் பிவட் கால் எழும்பக்கூடாது. எழும்பினால் டிராவலிங். ஆசையில் கால் முந்திவிடும், பந்து பிந்திவிடும்.

டபுள் டிரிபிள் இதைவிடச் சுலபம். தட்டி வந்த பந்தை இரண்டு கையாலும் பிடித்துவிட்டால் அந்தச் சலுகை முடிந்தது. இனி பாஸ் கொடுக்கலாம், கூடைக்கு எறியலாம், மறுபடி தட்டக்கூடாது.

அடுத்து அவளுக்கு வரப்போகும் விசில் மூன்று செகண்டாக இருக்கும். கூடைக்கு அடியில் இருக்கிற செவ்வகத்தைப் பெயிண்ட் என்பார்கள். நம் டீம் பந்தோடு எதிரணிப் பக்கம் ஏறிவிட்டால், அவர்கள் கூடையடியில் உள்ள பெயிண்டில் மூன்று செகண்டுக்கு மேல் நிற்கக்கூடாது. ரீபவுண்ட், அதாவது கூடையில் விழாமல் தெறித்து வரும் பந்து, எடுக்கும் ஆசையில் பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

மேட்ச் பார்க்கும்போது ரெஃப்ரியின் கைகளைக் கவனியுங்கள். முன்கைகளை ஒன்றைச் சுற்றி ஒன்று உருட்டினால் டிராவலிங். உள்ளங்கைகளை மேலும் கீழுமாகத் தட்டினால் டபுள் டிரிபிள்.

சாயங்காலம் கடற்கரைக்குக் கூட்டிப்போங்கள். மணலில் பந்து துள்ளாது, அது நமக்கு வேண்டியதும் இல்லை. ஈரமணலில் நிற்கவைத்துப் பந்தைப் போடுங்கள். பிடித்து நாலு பக்கமும் திரும்பட்டும். பிறகு தள்ளி நின்று தடத்தைப் பாருங்கள். பிவட் கால் இருந்த இடத்தில் ஒரே ஒரு குழி இருந்தால் சரி. இரண்டு இருந்தால், எங்கே நகர்ந்தோம் என்று அவளே காட்டுவாள்.