தரைதட்டிய படகும் மூழ்கிய படகும்: கேள்வி-பதில்

கே: 15 மீட்டர் விசைப்படகு முகத்துவார மணலில் ஏறிவிட்டது. இன்ஜினைப் பின்னுக்கு முடுக்கினால் இறங்குமா?

ப: முடுக்காதீர்கள். புரொப்பல்லர் கிளப்பும் மணல் குளிர்நீர்க் குழாயில் புகுந்து இன்ஜின் சூடேறிவிடும். முதலில் உள்ளே தண்ணீர் ஏறுகிறதா என்று பாருங்கள். அடுத்து, நங்கூரத்தைச் சிறு வள்ளத்தில் கொண்டுபோய் ஆழமான பக்கம் போட்டு, கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். அதற்கு முன்பே ஐஸையும் டீசலையும் இறக்கிவிட்டால், லேசான படகை அடுத்த அலை இன்னும் கரையேற்றும். பலர் தவறுவது இங்கேதான்.

எவ்வளவு இறக்குவது என்பதைக் கணக்குப் போட்டே முடிவு செய்யலாம். 5 மீட்டர் அகலமுள்ள இந்தப் படகு ஒரு சென்டிமீட்டர் உயர, ஏறத்தாழ 570 கிலோ குறைய வேண்டும். வழக்கமான நீர்மட்டக் கோடு 20 செ.மீ. வெளியே தெரிந்தால், மணல் தாங்கும் எடை 11 டன்னுக்கு மேல். பாதியை இறக்கி, மீதியைக் கடலின் நீரேற்றத்திடம் விடுங்கள். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஏற்றம் கூடுதல்.

கே: சூயஸ் கால்வாயில் சிக்கிய எவர் கிவன் சரக்குக் கப்பலுக்கும் இதே வழிதானா?

ப: ஆம். 2021 மார்ச் 23 அன்று சிக்கிய அந்த 400 மீட்டர் கப்பலின் அணியத்தை (முன்முனையை) சுற்றி ஏறத்தாழ 30,000 கன மீட்டர் மணலைத் தோண்டினார்கள். பௌர்ணமி நீரேற்றத்தோடு இழுவைக் கப்பல்கள் இழுக்க, 29-ஆம் தேதி விடுபட்டது.

கே: ஓட்டை விழுந்த படகில் பம்ப் வைத்தும் தண்ணீர் குறையவில்லையே?

ப: நீர்மட்டத்துக்கு 2 மீட்டர் கீழே 10 செ.மீ. விட்டமுள்ள ஓட்டை என்றால், வினாடிக்கு 30 லிட்டர் அளவுக்கு நீர் பாயும். சாதாரண 2 அங்குல பம்ப் இதற்கு ஈடுகொடுக்காது. வெளிப்பக்கமிருந்து தார்ப்பாயை இழுத்துக் கட்டுங்கள். நீரழுத்தமே அதை ஓட்டையோடு ஒட்டவைக்கும். பிறகு உள்ளே மரஆப்பு அடித்து, ஓட்டையைச் சுற்றிப் பலகைப் பெட்டி அமைத்து அதில் சிமென்ட் நிரப்புங்கள்.

கே: 10 மீட்டர் ஆழத்தில் மூழ்கியதைக் காற்றுப்பையால் தூக்கலாமா?

ப: தூக்கலாம். ஒரு கன மீட்டர் காற்று சுமார் ஒரு டன்னைத் தூக்கும். ஆனால் மேலே வர வர அழுத்தம் குறைந்து, அந்தக் காற்று இரட்டிப்பாக விரியும். மூடிய பையில் விடுவிப்பு வால்வு இல்லாவிட்டால் வெடித்துவிடும். சேற்றின் பிடியை நீர்ப்பீச்சால் தளர்த்தி, முதலில் ஒரு முனையை மட்டும் கிளப்புங்கள். அப்போது மூழ்குநர் யாரும் படகின் கீழோ மேலோ இருக்கவே கூடாது.

கே: தூக்கிய இன்ஜினை எப்போது ஸ்டார்ட் செய்யலாம்?

ப: இன்ஜெக்டர்களை (எரிபொருளைப் பீச்சும் பாகங்களை) கழற்றி, கையால் சுற்றி, சிலிண்டர் நீரை வெளியேற்றும்வரை கூடாது. பிறகு நன்னீரில் கழுவி, ஆயிலை மாற்றுங்கள். துரு பிடிப்பது காற்றுப் பட்டதும் வேகமெடுக்கும். மெக்கானிக் வரத் தாமதமானால், அவுட்போர்டு மோட்டாரை (படகின் பின்னால் வெளியே மாட்டும் இன்ஜினை) நன்னீர்த் தொட்டியில் முழுக்கியே வையுங்கள்.