கொழுப்பு பற்றிக் கேளுங்கள், பொடி பற்றி வேண்டாம்

இருபத்திரண்டு வருடம் ஆய்வகத்தில் எலிக் கொழுப்போடு கிடந்துவிட்டுக் கீழக்கரைக்கே திரும்பிவிட்டேன். நீங்கள் கேட்டதில் சிலவற்றுக்குப் பதில் இதோ. டப்பாவில் விற்கும் இளைக்கும் பொடி பற்றி மட்டும் கேட்காதீர்கள், உள்ளே என்ன என்று விற்பவனுக்கே தெரியாது.

தொண்டி தம்பி: இந்தத் துறைக்கு எப்படி வந்தீங்க?

ஒரு குண்டு எலியால். 1949இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் ஓயாமல் தின்னும் எலிகள் பிறந்தன. பிற்பாடு டக்ளஸ் கோல்மன் அப்படி ஒன்றைச் சாதாரண எலியோடு தைத்து, இரண்டுக்கும் இரத்தம் கலக்கவிட்டார், குண்டு எலி தீனியைக் குறைத்தது. அப்படியானால் 'போதும்' என்று சொல்லும் ஏதோ ஒன்று இரத்தத்தில் ஓடுகிறது. 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு அதன் மரபணுவைப் பிடித்தது. அந்த ஹார்மோன்தான் லெப்டின். சுரப்பது கொழுப்புச் செல்லேதான்! வெறும் மூட்டை என்று நினைத்தது மூளையோடு பேசுகிறது என்று படித்தபோது நான் எம்.எஸ்சி. மாணவன். ஊசி போட்டால் எல்லோரும் இளைத்துவிடுவார்கள் என்று நம்பினோம். நடக்கவில்லை, பருமனானவர்களில் பெரும்பாலோருக்கு லெப்டின் ஏற்கெனவே நிறைய இருக்கிறது, மூளைதான் காதில் வாங்குவதில்லை. ஏன் வாங்குவதில்லை என்று பார்த்தே என் தலை நரைத்தது.

ஏர்வாடி அக்கா: காலையில் வெந்நீர், எலுமிச்சை, தேன்?

தாகம் தீரும்.

பாம்பன் அண்ணன்: கொழுப்பு வியர்வையாத்தானே போகுது?

இல்லண்ணே, மூச்சில். 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக வெளியேறும், மிச்சம் 1.6 கிலோதான் தண்ணீர். வலை இழுத்துவிட்டு வந்து எடை பார்த்தால் குறைந்திருப்பது பெரும்பாலும் வியர்த்த தண்ணீர், ஒரு சொம்பு குடித்தால் திரும்பிவிடும். அதற்காக உட்கார்ந்து வேகவேகமாக மூச்சு விடாதீர்கள், தலைதான் சுற்றும்.

சாயல்குடி அன்பர்: சீனிக்குப் பதில் கருப்பட்டி சேர்த்தால் எடை ஏறாதுதானே?

ஏறும். இரண்டிலும் பெரும்பங்கு சுக்ரோஸ் என்ற ஒரே சர்க்கரைதான்.

அதே அன்பர்: பனையை இழிவாப் பேசாதீங்க. என் தாத்தா கடைசிவரை கருப்பட்டிக் காப்பிதான், ஒட்டிய வயிறு.

அய்யா, தாத்தா வயிற்றை ஒட்ட வைத்தது கருப்பட்டி இல்லை, மரம். காலையும் மாலையும் ஏறி இறங்கியவர் அவர், நீங்கள் பைக்கில் போய் வாங்கி வருகிறீர்கள். ருசிக்குச் சாப்பிடுங்கள், நானும் கருப்பட்டி போட்ட தொதல் இனிப்பை விட்டவன் இல்லை. (இதற்குள் இன்னும் நாலு பேர் ஆளுக்கொரு தாத்தாவோடு வந்துவிட்டார்கள், ஒருவர் நுங்குக்கும் சேர்த்து வாதாடுகிறார். நுங்கை யார் என்ன சொன்னது? அது பெரும்பாலும் தண்ணீர்.)

மண்டபம் தங்கச்சி: தைராய்டு மாத்திரை அளவை நானே கூட்டலாமா?

கூடவே கூடாது. டாக்டரைப் பாருங்கம்மா, நான் எலி பார்த்தவன்.

தேவிபட்டினம் தம்பி: கை கால் ஒல்லி, வயிறு மட்டும் பெரிசு. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடாதே தம்பி, நம் ஊர் உடம்பின் வில்லங்கமே அதுதான். டேப்பை எடு. ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதைத் தாண்டினால் சர்க்கரை பரிசோதனை செய்துகொள்.

இன்னொருவர்: வெந்நீரில் இஞ்சி?

ஏர்வாடி அக்காவுக்குச் சொன்னதேதான்.