வெளியே சாப்பிட்டுக்கொண்டே தொப்பையைக் குறைத்து தசையும் ஏற்ற முடியுமா?

முடியும். கேட்டவருக்கு 84 கிலோ, கோலாலம்பூர் பங்சாரில் அலுவலகம், பாதிச் சாப்பாடு மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகம்). முதலில் எடையைக் குறைத்துவிட்டு அப்புறம் ஜிம் போகலாமா என்கிறார். வேண்டாம், இரண்டையும் சேர்த்தே தொடங்குங்கள். பளு தூக்கிப் பழகாத உடம்பில், சாப்பாடு கொஞ்சம் குறைந்தாலும் புரதம் போதுமான அளவு போனால், கொழுப்பு கரையும்போதே தசையும் ஏறும். பட்டினி கிடந்து வெறுமனே ஓடினால், இறங்குகிற எடையில் தசையும் சேர்ந்து போய்விடும்.

புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம், உங்களுக்கு நாளுக்கு 130 கிராம் போல. கோழி நெஞ்சுக்கறியும் புரொக்கோலியும் டப்பாவில் கட்டிக்கொண்டு அலையத் தேவையில்லை, அதை யாரும் ரொம்ப நாள் தாக்குப்பிடிப்பதில்லை. நம்மவர்களுக்கு ஓட்டை விழுவது காலைப் பசியாறலில்தான். இரண்டு ரொட்டி சானாய், கொஞ்சம் டால், ஒரு தே தாரேக் என்றால் மைதா, நெய், டின் பால், சீனி எல்லாம் வந்துவிடும், புரதம் மட்டும் அந்தக் கலோரிக்குக் குறைவுதான் (மாமாக் கடை டாலில் பாதி தண்ணீர், அதை நம்பாதீர்கள்). அதற்குப் பதில் அரைவேக்காட்டு முட்டை மூன்று சாப்பிட்டால் அதிலேயே 18 கிராம் வந்துவிடும், கூட ஒரு தோசையோ சப்பாத்தியோ இருக்கட்டும். "அண்ணே, தே ஓ கோசோங்" (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) என்று சொல்லப் பழகுங்கள், முதல் வாரம் கசக்கும், அப்புறம் சரியாகிவிடும்.

மதியம் வாழை இலைச் சாப்பாடு தாராளமாகச் சாப்பிடலாம், சோறு ஒரு தடவையோடு நிறுத்தி மீனோ கோழியோ இரண்டு துண்டு வாங்குங்கள். எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்த பாகற்காய் காய்கறிக் கணக்கில் வராது. நாசி கண்டாரில் எல்லாக் குழம்பையும் கலந்து வெள்ளமாக ஊற்றச் சொல்வதுதான் வினை, எண்ணெயும் தேங்காய்ப்பாலும் அதில்தான் இருக்கிறது. நாளுக்கு 300 முதல் 500 கலோரி குறைந்தால் போதும். தே தாரேக்கையும் இரண்டாம் சோற்றையும் விட்டாலே அதில் பெரும்பங்கு வந்துவிடும்.

பயிற்சி வாரம் மூன்று நாள். ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்குவது), நெஞ்சுக்கு ஒரு பிரஸ் (எடையைத் தள்ளுவது), முதுகுக்கு ஒரு ரோ (எடையை இழுப்பது), அவ்வளவுதான், ஒவ்வொன்றும் மூன்று செட் (சுற்று), செட்டுக்கு 8 முதல் 12 தடவை. கடைசித் தடவை முடிக்கும்போது இன்னும் ஒன்றிரண்டு மட்டுமே தூக்க முடியும் என்ற நிலை வரவேண்டும். மூன்று செட்டிலும் 12 வந்துவிட்டால் அடுத்த முறை எடையைக் கூட்டுங்கள், இதை நோட்டில் எழுதாமல் ஞாபகத்தில் வைப்பவர்கள் வருஷக்கணக்காக ஒரே டம்பெல்லைத் தூக்கிக்கொண்டிருப்பார்கள், எங்கள் கொண்டோ (அடுக்குமாடி) ஜிம்மிலேயே சிலரைப் பார்க்கிறேன். கொண்டோ ஜிம்மில் டம்பெல் மட்டும்தான் இருக்கிறதென்றாலும் தொடக்கத்துக்கு அது போதும்.

வே பவுடர் (பாலிலிருந்து எடுத்த புரதத் தூள்) வசதிக்குத்தான், கட்டாயமில்லை. கிரியேட்டின் என்ற சப்ளிமெண்ட் தூளை நாளுக்கு 3 முதல் 5 கிராம் எடுத்தால் பலம் கூட உதவும், ஆனால் தசையில் நீர் சேர்வதால் தராசு கொஞ்சம் ஏறும், பயப்படாதீர்கள். எப்படியும் தராசை விட இடுப்பை அளக்கும் டேப்தான் உண்மை சொல்லும், வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள், சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரத அளவையும் அவரே சொல்லட்டும்.

தைப்பூச விரதத்தில் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். தெம்பே (புளிக்கவைத்த சோயா) 100 கிராமில் ஏறக்குறைய 19 கிராம் புரதம் இருக்கிறது, பசார் மாலாமில் (இரவுச் சந்தை) கூட மலிவாகக் கிடைக்கும், நிறைய எண்ணெயில் பொரிக்காமல் சம்பலில் பிரட்டிக்கொள்ளுங்கள். பால், தயிர், டோஃபுவும் கைகொடுக்கும். ஒருவேளை மட்டும் சாப்பிடுகிற விரதம் என்றால் அந்த நாட்களில் எடையைக் கூட்ட முயலாமல், தூக்குகிற எடையை அப்படியே வைத்துக்கொண்டு செட்டை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.