மோர் கொடுத்தால் சுயநலமா?

கேள்வி: எங்கள் தெருவில் குப்பை எடுக்க வரும் அம்மாவுக்கு வெயில் காலத்தில் தினமும் ஒரு சொம்பு மோர் கொடுக்கிறேன். ஒரே மடக்கில் குடித்துவிட்டு, 'அப்பாடா' என்று சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொள்வார். அன்றைக்கு முழுக்க எனக்கு மனசு லேசாக இருக்கும். 'உன் சந்தோஷத்துக்காகத்தானே கொடுக்கிறாய், அதுவும் சுயநலம்தான்' என்கிறார் வீட்டுக்காரர். நிஜமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: வீட்டுக்காரர் நன்றாகப் பேசுகிறார், ஆனால் விஷயம் தப்பு. அந்த அம்மா மோரை வாங்கிக் கீழே கொட்டியிருந்தால் உங்களுக்கு மனசு லேசாகியிருக்குமா? அவர் தாகம் தீர்ந்ததால் வந்த சந்தோஷம் இது. சுயநலக்காரருக்கு அடுத்தவர் தாகம் தீர்ந்தால் என்ன, தீராவிட்டால் என்ன. 'இன்னாது இரக்கப் படுதல் இரந்தவர் இன்முகங் காணும் அளவு' என்று குறளே சொல்கிறது. ஒருவர் வந்து கேட்டு நிற்பது நமக்குச் சங்கடம்தான், வாங்கியவர் முகம் மலர்வதைப் பார்க்கும்வரை. கொடுப்பவருக்கும் உள்ளுக்குள் ஒரு நெளிவு இருக்கும் என்று வள்ளுவர் ஒளிக்காமல் ஒத்துக்கொண்டது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

2008-ல் வெளிவந்த ஓர் ஆய்வும் உண்டு. கனடாவில், வான்கூவர் பல்கலைக்கழகம் ஒன்றில் காலையில் 46 பேரிடம் ஆளுக்கொரு உறை கொடுத்தார்கள், சிலருக்கு 5 டாலர், சிலருக்கு 20. சாயங்காலம் 5 மணிக்குள் செலவழிக்க வேண்டும், பாதிப் பேர் தங்களுக்காக, மீதிப் பேர் பிறருக்காக. அப்புறம் போன் போட்டு விசாரித்தால், பிறருக்குச் செலவழித்தவர்கள்தான் கூடுதல் சந்தோஷமாக இருந்தார்கள். 5 டாலரா 20 டாலரா என்பது கணக்கிலேயே வரவில்லை. சின்ன ஆய்வுதான். ஆனால் எனக்குச் சுவாரசியம் வேறிடத்தில்: எது சந்தோஷம் தரும் என்று மற்ற மாணவர்களைக் கேட்டபோது, பெரும்பாலோர் 'எனக்கே, அதுவும் 20 டாலர்' என்றுதான் நினைத்திருக்கிறார்கள். வீட்டுக்காரரைக் கோபிக்காதீர்கள், நாளைக்கு மோர்ச் சொம்பை அவர் கையில் கொடுத்தனுப்புங்கள்.

கேள்வி: தம்பி மகன் கல்லூரிக் கட்டணம் முழுக்க நான் கட்டினேன். வேலை கிடைத்ததைக்கூட அவன் எனக்குச் சொல்லவில்லை. கொடுத்து என்ன கண்டேன்?
- ஒரு வாசகர், புதுக்கோட்டை

பதில்: வலிக்கத்தான் செய்யும், அவன் செய்தது மரியாதை இல்லை. ஆனால் உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆடி பிறந்தால் கீரமங்கலம், பேராவூரணி பக்கம் மொய் விருந்து, நோட்டில் பெயர், தொகை, எல்லாம் பக்காவாக இருக்கும், வாங்கியவர் திருப்பிச் செய்தே ஆக வேண்டும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது கைமாற்று. திரும்பி வரும் என்று கொடுப்பதைக் குறள் 'குறியெதிர்ப்பை' என்கிறது, பக்கத்து வீட்டில் ஒரு படி அரிசி வாங்கி அதே படியால் திருப்பி அளக்கிறோமே, அது. நீங்கள் கட்டணம் கட்டியது மொய்யா, கொடையா? மொய் என்றால் அவனிடம் நேராகவே கேட்டுவிடுங்கள். கொடை என்றால், முதல் பருவக் கட்டணம் கட்டிய அன்று அவன் முகம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள், உங்களுக்கு வர வேண்டியது அன்றைக்கே வந்துவிட்டது.

கேள்வி: கையில் காசே இல்லாத மாணவன் நான் எதைக் கொடுப்பது?
- ஒரு வாசகர், நெல்லை

பதில்: 18 வயது முடிந்து, எடை 45 கிலோவுக்கு மேல் இருந்தால் ரத்தம் கொடுக்கலாம். 350 மில்லி எடுப்பார்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி போகலாம். முந்தைய ராத்திரி நன்றாகத் தூங்குங்கள், வெறும் வயிற்றில் போகாதீர்கள். ஊசி குத்தும்போது நான் இன்றைக்கும் ஃபேனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.