வேலிக்கு வெளியே

அன்புள்ள ஐயா,

என் அக்காவின் குழந்தை பிறந்த இரண்டாம் நாளே ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டது. ஞானஸ்நானம் கொடுக்க முடியவில்லை. ஆறு மாதம் கழித்து வேர்க்காடு சந்தியாகப்பர் கோயிலில் ஜெபித்துக்கொண்டிருந்தபோது, பிள்ளை ஆண்டவரிடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்ததாம். அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். ஆனால் சொந்தத்தில் ஒரு பெரியவர், "ஞானஸ்நானம் இல்லாத பிள்ளை மோட்சம் போகாது. அதுதான் திருச்சபைப் போதனை. உனக்குத் தோன்றுவதெல்லாம் விசுவாசம் ஆகாது" என்று சொல்லிவிட்டார். எதை நம்புவது?

சே., பாம்பன்

அன்புள்ள சே.,

அக்காவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: அந்தப் பெரியவர் சொன்னது திருச்சபைப் போதனை அல்ல.

அப்படி இறக்கும் குழந்தைகள் லிம்போ என்ற நிலையில் இருப்பார்கள், துன்பம் இல்லை, ஆனால் கடவுளை முகமுகமாகக் காணமாட்டார்கள் என்று இறையியலாளர்கள் பல நூற்றாண்டுகள் சொல்லிவந்தார்கள். ஞானோபதேச வகுப்பிலும் கற்பித்தார்கள். பெரியவர் அதைக் கேட்டு வளர்ந்திருப்பார். ஆனால் திருச்சபை அதை விசுவாசக் கோட்பாடாக ஒருபோதும் அறிவிக்கவில்லை. 1992இல் வந்த, திருச்சபைப் போதனைகளைத் தொகுத்துச் சொல்லும் மறைக்கல்வி ஏட்டில் லிம்போ என்ற சொல்லே கிடையாது. இக்குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறோம் என்கிறது. 2007இல் வத்திக்கானின் சர்வதேச இறையியல் ஆணைக்குழு, இவர்கள் மீட்புப் பெறுவார்கள் என்று நம்பத் திடமான காரணங்கள் உண்டு என்று எழுதியது. நிச்சயமாகத் தெரியும் என்று சொல்லவில்லை. அக்கா 'தெரியும்' என்கிறார், திருச்சபை 'நம்புகிறோம்' என்கிறது. இடைவெளி அவ்வளவுதான்.

என் அப்பத்தாவுக்கும் இப்படி ஒரு பிள்ளை போனது. கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் தரவில்லை. வேலிக்கு வெளியே, உடைமரத்தடி மணலில் புதைத்தார்கள். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அப்பத்தா உள்ளே எல்லோருக்கும் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, கடைசி ஒன்றை வெளியே கொண்டுபோவார். கடல்காற்றில் அணையாமல் இருக்க தேங்காய்ச் சிரட்டைக்குள் வைப்பார். கோயிலை விட்டு அவர் விலகவும் இல்லை, அந்த மெழுகுவர்த்தியை நிறுத்தவும் இல்லை. விசுவாசிகள் தியானத்தாலும் அனுபவத்தாலும் உணர்வதன் வழியாகவும் கடவுள் தந்த வெளிப்பாட்டைப் பற்றிய புரிதல் வளர்கிறது என்று, உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்தச் சிரட்டைதான் ஞாபகம் வந்தது.

அதற்காக மனசில் தோன்றுவதையெல்லாம் ஆண்டவர் குரல் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நல்லதைப் பிடித்துக்கொள்ளத்தான் பைபிளில் பவுல் சொல்கிறார். பிள்ளை வந்து மாமியாரை மன்னிக்காதே என்று சொன்னதாக அக்கா சொல்லியிருந்தால் நான் பயந்திருப்பேன். அவருக்குக் கிடைத்தது சமாதானம். அப்புறம் சாப்பிட்டிருக்கிறார். அதை நான் நம்புகிறேன்.

ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த குழந்தைக்கான ஜெபங்கள் திருப்பலி நூலிலேயே உண்டு. அக்காவைக் கூட்டிக்கொண்டு பங்குச்சாமியாரிடம் போய் ஒரு பூசை கேளுங்கள். பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பதாக இருந்தீர்களோ, அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.